மூடி தாங்கும்

கட்டிலின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, தலைமாட்டை வான்மதியும் கால்மாட்டை அம்மாவும் பிடித்து, ஒருவழியாக மேற்கு ஜன்னலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்கள். இனி வைத்தியமில்லை என்று ஆனபிறகு ஹாஸ்பிஸ்காரர்கள் கொண்டுவந்து போட்ட கட்டில் அது. அதில் கிடந்த நாச்சிமுத்துவுக்குக் கஞ்சி வேண்டாம், டிவி வேண்டாம். மகளிடம் அவர் கேட்டதெல்லாம் வானம்தான்.

மனுஷனுக்கு அது முப்பது வருஷப் பைத்தியம். டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனுக்கு டெலிகாம் வேலைக்கு வந்த புதிதிலேயே கொல்லை வேலியோரம் கம்பம் நட்டு, காற்றளக்கும் கிண்ணங்களையும் மழைமானியையும் மாட்டிவிட்டார். ரிட்டயர் ஆனதும் கேட்கவே வேண்டாம், தமிழ்ச் சங்க வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் அவருடைய வானிலை அறிக்கை வந்து விழும். பாதி நாள் பலிக்கும். ஒரு சித்திரைப் பிக்னிக்குக்குச் சொட்டு விழாது என்று அடித்துச் சொன்னார். அன்றைக்கு விழுந்த ஆலங்கட்டியில் ஊரார் கார்களெல்லாம் அம்மைத் தழும்போடு வீடு திரும்பின. அங்கிள் வெயில் என்றால் குடையைத் தேடு என்று அன்று தொடங்கிய கிண்டல் இன்னும் ஓயவில்லை.

தப்பும்போதெல்லாம் அவர் பழியைப் போடுவது மூடியின் மேல்தான். டெக்சாஸ் வசந்தத்தில் கீழே கடலிலிருந்து ஈரக்காற்று வந்து நிறையும். அதன் தலைக்கு மேல் பாலைவனத்துச் சூட்டுக்காற்று குக்கர் மூடி மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். மூடி தாங்கினால் நாள் முழுக்க வெயில். தாங்காவிட்டால் வானம் பொத்துக்கொள்ளும். தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு அந்த மூடி தெரியாது என்பதுதான் வில்லங்கமே.

அன்று விடிந்ததும் கட்டிலைத் திருப்பிய கையோடு கலிஃபோர்னியா சான் ரமோனிலிருந்து தம்பி கதிர் கூப்பிட்டான். காலை ஃப்ளைட்டில் ஒரே ஒரு சீட் இருக்கிறதாம். சாயங்காலம் வந்து சேருவது என்றால் மனைவி குழந்தையோடு வரலாமாம். எதில் வர என்று அக்காவைக் கேட்டான். இன்னும் நாலைந்து நாள் போகும் என்று நர்ஸ் முந்தின நாள்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஃபோனில் இருந்த வானிலை ஆப் மாலையில் இடிமழைக்கு அறுபது சதவீதம் காட்டியது; இடிமழை என்றால் விமானம் இறங்காது. வான்மதி அப்பாவின் காதருகே குனிந்து கேட்டாள்.

அவர் ஜன்னலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடி தாங்கும் கண்ணு," என்றார். "சாயங்காலமே வரட்டும். பொடுசையும் பாத்துரலாம்."

இத்தனை வருஷமாக அவரைக் கிண்டல் செய்தவர்களில் அவளும் ஒருத்தி. இருந்தாலும் அன்றைக்கு அவர் சொல் பலித்தே ஆகவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. சாயங்காலம் எல்லாரும் சேர்ந்தே வாங்க என்று தம்பியிடம் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் வரைக்கும் சுள்ளென்று வெயில். அம்மா சாந்தாமணி படுக்கை விரிப்பைத் துவைத்து வேலியில் காயப்போட்டாள். ஆனால் அப்பாவின் மூச்சு விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. கண்ணையும் திறக்கவில்லை. ஃபோனில் நர்ஸ் முழுதாகக் கேட்டுவிட்டு, தான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே இருக்கலாம் என்றாள். கதிர் அதற்குள் விமானம் ஏறிவிட்டிருந்தான்.

மாலையில் மேற்கே காலிஃபிளவர் மாதிரி ஒரு மேகம் முளைத்தது. அந்த மாதிரி முளைத்து, கொஞ்ச நேரத்தில் கரைந்துபோனதையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். கரைந்துபோ என்று வாய்விட்டே சொன்னாள். அது வளர்ந்தது. உச்சி தட்டையாகி, விரிந்து, சூரியனை மூடியது. கம்பத்துக் கிண்ணங்கள் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றன. அப்புறம் வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கருத்த பரண் ஒன்று தாழ இறங்கி வந்தது. அதன் அடியில் வெளிச்சம் பச்சையாக இருந்தது.

ஊர்ச் சைரன் ஊளையிட்டது. ஃபோன்கள் அலறின. ஜன்னல் இல்லாத இடத்துக்குப் போகச் சொன்னார்கள். வீட்டில் அப்படியிருந்தது துணி மாட்டும் ஒரு குளோசெட்தான். அதன் கதவுக்குள் இந்தக் கட்டில் நுழையாது. அம்மா கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். ஃபோனில் பார்த்தால் கதிரின் விமானம் டல்லாஸுக்கு மேலே வட்டமடித்துவிட்டு ஆஸ்டின் பக்கம் திரும்பியிருந்தது.

வான்மதிக்கு அப்பாவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. தாங்கும்னீங்களே என்று கேட்கத்தான் திரும்பினாள்.

அவர் கண்ணைத் திறந்திருந்தார். நோயில் வற்றிப்போன அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் மாதக்கணக்கில் பார்க்கவில்லை.

"மூடி போயிருச்சு கண்ணு," என்றார். "தப்பாச் சொல்லிட்டேன். எத்தாத்தண்டி பாரு…"

அந்தக் குரலில் வருத்தமே இல்லை. அவளும் பார்த்தாள். பரணுக்கு மேல் அடுக்கடுக்காக மேகம், ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் மின்னல் ஓடி ஓடி அணைந்தது. அவ்வளவு பெரியது ஒன்று சத்தமில்லாமல் வீட்டின் மேல் நகர்ந்து வந்தது. பயத்தில் அல்ல, பிரமிப்பில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆத்திரம் போன இடம் தெரியவில்லை.

பிறகு ஆலங்கட்டி கூரையை அடித்தது. பக்கத்தில் இருப்பவர் பேசினால்கூடக் கேட்காத சத்தம். எந்த மூச்சு கடைசி மூச்சு என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் ஓய்ந்து, கொல்லையில் கூரைத் தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தபோது அம்மா நிமிர்ந்தாள்.

"கால் சில்லுன்னு ஆயிருச்சு கண்ணு."

ஆஸ்டினில் வாடகைக்குக் கார் எடுத்து ஓட்டிக்கொண்டு, மனைவி குழந்தையோடு விடிகிற நேரத்தில் கதிர் வந்து சேர்ந்தான். மகன் வரட்டும் என்று சொல்லி உடலை அதுவரை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். அவன் அழுது ஓயும்வரை வான்மதி காத்திருந்தாள்.

"நாந்தான்டா சாயங்காலம் வரச் சொன்னேன்."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஃபோனை எடுத்தான். "விண்டோ சீட்டுக்கா. லேண்ட் பண்ண விடாம சுத்த வெச்சுட்டே இருந்தாங்க. அப்பாவுக்குக் காட்டலாம்னு எடுத்தேன்."

படத்தில் அதே மேகம். விமானத்துக்கும் மேலே எழும்பி, உச்சியில் அந்தி வெயில் பட்டுப் பொன்னாக ஜொலித்தபடி, கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து நின்றது. நாச்சிமுத்து ஆயுசுக்கும் கீழேயிருந்தே பார்த்ததன் மறுபக்கம். அடியில் மட்டும் ஒரே கருப்பு.

மேகத்தைப் பற்றி வாழ்நாளில் ஒரு கேள்வி கேட்காத அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதுல நம்ம வூடு எங்க கண்ணு?"

கதிர் கொஞ்சம் யோசித்து, அடியில் இருந்த கருப்பில் ஓரிடத்தில் விரல் வைத்தான். அம்மா ஃபோனை வாங்கிக்கொண்டாள். பேத்தியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பாளே, அதே போல இரண்டு விரலால் அந்த இடத்தை விரித்தாள். மறுபடி விரித்தாள். திரை முழுக்கக் கருப்பானது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.