வாகிராம்

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வீடு மூன்றாவது மாடி. "ஊரையே ஏத்தி இறக்குற மனுஷனுக்கு மாடிப்படிதான் கதி" என்று அவர் மனைவி கேலி செய்வாள். கனத்த கருவிப் பையோடு மூச்சிரைக்க ஏறி வருபவர், இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று பையைக் கை மாற்றிக்கொள்வார். அந்தச் சத்தம் கேட்டதும் மகள் சிட்டு கதவுக்கு ஓடுவாள்.

ஊர் ஊராகப் போய்ப் பழுது பார்ப்பது அவர் வேலை. கம்பெனி அனுப்பும் தாளில் 'பயணத் திட்டம்' என்று அச்சடித்திருக்கும். வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? "இந்த வாரம் என்ன ப்ரோகிராம்?" என்பதுதான் பேச்சு. நாலு வயதுச் சிட்டுவின் வாயில் அது 'போகிராம்' ஆனது. அப்பா போவதால் போகிராம் என்று அவளாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டாள். அப்படியானால் அப்பா வருவதற்கு? 'வாகிராம்' என்று ஒரு புதுச் சொல்லையும் போட்டு வைத்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு வெளியூரிலிருந்து போன் செய்தால், "சிட்டு, நாளைக்கு வாகிராம்!" என்றுதான் சொல்வார்.

அப்படிப் போன ஒரு பயணத்தில், விடுதி அறையில் அவருக்கு மாரடைப்பு வந்தது. மூடிய வண்டியில் உடலைக் கொண்டுவந்தார்கள். சிட்டுவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து குழந்தை வந்து கேட்டபோது தாய்க்கு நாக்கு எழவில்லை. "அப்பா போகிராம் போயிருக்கார்டி" என்று சொல்லிவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், தலை சீவிவிட்டுக் கொண்டிருந்தபோது சிட்டு சொன்னாள்: "அம்மா, அப்பா கண்ணாஸ்பத்திரி லிஃப்டைச் சரி பண்ணிட்டார். கிளம்பிட்டார். வாகிராம்."

சீப்பு பாதியில் நின்றது. "யாருடி சொன்னா?"

"அப்பாதான்."

அதே கம்பெனி அலுவலகத்தில் இருந்த கொழுந்தனாருக்குப் போன் போட்டாள். குழந்தை சொன்னதைச் சொன்னாள்.

"அண்ணி, அண்ணனை அடுத்து அங்கதான் அனுப்புறதா இருந்தோம். குழந்தைக்கு எப்படித் தெரியும்?"

"அவர் போன்ல சொல்லியிருப்பாரோ என்னமோ, தம்பி."

"அவருக்கே தெரியாது. அந்த ப்ரோகிராமை நாங்க அவருக்கு அனுப்பவே இல்லை."

அவள் போனை வைத்துவிட்டுச் சிட்டுவைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் சிட்டு தினமும் ஏதாவது சொன்னாள். அப்பா பாலம் தாண்டியாச்சு. பஸ் மாறியாச்சு. கால் வலிக்குதாம், உட்கார்ந்திருக்கார். சொல்லிவிட்டுப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். முதலில் தாய் பேச்சை மாற்றிப் பார்த்தாள். பிறகு, வெளியே சொன்னால் வெட்கக்கேடு, அவளும் எதிர்பார்க்கத் தொடங்கினாள். அவருடைய தலையணை உறையைத் துவைத்துப் போட்டாள். துண்டை எடுத்துக் குளியலறையில் மாட்டினாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஒருவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். "என்னம்மா, ரத்தம் எடுக்கப் போறீங்களா, இல்லை கட்டிப் போட்டுட்டுக் கிளம்பப் போறீங்களா?" என்று அவர் கேட்டபோதுதான் சுயநினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சிட்டு நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு" என்றாள்.

படியில் காலடி கேட்டது. கனத்த காலடி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றது. பைக்குள் இரும்போடு இரும்பு உரசியது. மறுபடி ஏறி, கதவுக்கு வெளியே வந்து நின்றது. கிரீஸ் வாடை அறைக்குள் பரவியது.

"அம்மா, கதவைத் திற! எனக்கு எட்டலை!"

தாழ்ப்பாளில் கை வைத்தவளுக்கு வெளியே மூச்சிரைப்பது கேட்டது. இழுத்து இழுத்து, தீராத இரைப்பு. செத்த பிறகும் இந்த மனுஷன் பையைச் சுமந்துகொண்டு படியேறிக் கொண்டிருக்கிறாரே. போயிருக்கிறார் என்று சொன்னது யார்? நான்தானே.

கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க" என்றாள். "வேலையெல்லாம் முடிஞ்சிடுச்சு. இனிமே ப்ரோகிராம் எதுவும் இல்லை. பையைக் கீழே வைங்க. சிட்டுவை நான் பார்த்துக்கறேன்."

இத்தனை வருஷமாக அவரை வழியனுப்பிய 'போயிட்டு வாங்க' தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"போங்க" என்றாள்.

வெளியே ஏதோ பாரம் தரையில் இறங்குவதுபோல 'தொப்'பென்று சத்தம். இரைப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. அவள் தாழ்ப்பாளை நீக்கினாள். யாரும் இல்லை.

"அப்பா எங்கம்மா?"

வாசல்படியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள். "அப்பா செத்துட்டார்டி, தங்கம். ஊருக்குப் போன இடத்துல. அம்மாதான் உன்கிட்ட சொல்லலை."

சிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். அப்புறம் இரண்டு கையாலும் அவள் மார்பில் மாறி மாறிக் குத்தினாள். "நீதான் அனுப்பிட்டே! நீதான்!" என்று கத்தினாள். தாய் தடுக்கவில்லை. குத்திக் குத்திக் கை ஓய்ந்ததும் குழந்தை ஓவென்று அழுதது. அவளும் அழுதாள்.

மறுநாள் சிட்டுவின் கேள்விக்கு ஓய்வே இல்லை. எந்த ஊர், எந்த ரூம், கூட யார் இருந்தா, பயந்தாரா. தெரிந்ததைத் தாய் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாள்.