வில்கினை இறக்காதே

பேஸ்பால் ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் நியூர்க்கா தன் மளிகைக்கடையின் இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டாள்.

"என்னக்கா, இப்பத்தான் பொழுதே சாயுது. அதுக்குள்ள கடையை மூடுற?" என்று கேட்டான் எலீஹியோ. மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன். ஆட்டம் இருக்கும் நாட்களில் வண்டியைக் கடை வாசலில் சாய்த்துவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

"கொசு வருதுடா."

கொசு ஒன்றும் இல்லை. கரும்பாலைப் பக்கமிருந்து நல்ல காற்று வந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸைப் பார்க்க அவளுக்குப் பயம், அவ்வளவுதான். அவளுடைய தம்பி வில்கின்தான் அணியின் கடைசிப் பந்துவீச்சாளன். மற்றவர்கள் எட்டு இன்னிங்ஸ் ஆடி, ஒன்றிரண்டு ஓட்டம் முன்னிலை வைத்துக் கொடுப்பார்கள். ஒன்பதாவதில் வந்து மூன்று பேரை அவுட்டாக்கி ஆட்டத்தைப் பூட்டுவது அவன் வேலை. டிசம்பர் பிறந்ததிலிருந்து அந்தப் பூட்டு விழவே இல்லை.

டிவியில் மேனேஜர் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். நாலுக்கு மூன்று என்று நம் ஆட்கள் முன்னால் இருந்தார்கள். தலைநகரில் ஆட்டம், எதிரணியின் மைதானம். வேலிக்குப் பின்னால் வில்கினும் பாத்தீஸ்தா என்ற இடக்கைப் பையனும் பந்து போட்டுக் கை சூடேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீஸ்தாவை இறக்குய்யா, புண்ணியமாப் போகும்!" எலீஹியோ டிவியைப் பார்த்துக் கும்பிட்டான்.

"வர்ற மூணு பேர்ல ரெண்டு பேர் வலக்கை ஆட்டக்காரங்க. இடக்கையை இறக்கினா வெளுத்துக் கட்டிருவாங்க," என்றார் ஃபாவுஸ்தோ. எதிர்ச்சாரியில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். ஒரு வாடிக்கையாளரைப் பாதித் தலையோடு உட்கார வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். "தப்பு பையன் மேல இல்ல. தினம் தினம் அவனையே இறக்கினா கை என்ன இரும்பா?"

"கை இல்ல பெருசு, குலை. அவனுக்குக் குலை நடுங்குது. பந்தைப் பிடிக்கிறதைப் பாரு, சுடுசட்டியைத் துணியில்லாமப் பிடிச்ச மாதிரி. பயந்தாங்கொள்ளி! நீ மனசுல வச்சுக்காதக்கா, உன் தம்பியைச் சொல்லல, பந்து போடுறவனைச் சொல்றேன்."

"ரெண்டு பேரும் ஒரே ஆளுதாண்டா," என்றாள் நியூர்க்கா.

எலீஹியோ சொன்னது உண்மை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். போன வாரம் வில்கின் அடுப்படிக்கு வந்து கைப்பேசியை அவள் காதில் வைத்தான். குரல் பதிவில் யாரோ ஒருவன் நிதானமாக, கிட்டத்தட்ட மரியாதையாகப் பேசியிருந்தான். "தம்பி, உன்னை நம்பிப் பந்தயம் கட்டுறவங்க நிறைய பேர். இன்னொரு ஆட்டத்தைக் கோட்டைவிட்டேன்னா உங்கம்மாவைப் பாக்க வருவோம். நீலக் கதவு வீடு. வாசல்ல மாதுளை மரம். சரிதானே?" யாரிடமும் சொல்லாதே என்றான் வில்கின். பந்தயக்காரன் கூப்பிட்டான் என்று தெரிந்தால், இவனுக்கும் அதில் பங்கு என்று சொல்லி அணியிலிருந்தே தூக்கிவிடுவார்களாம். அன்றிலிருந்து அவள் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: வில்கினை இறக்காதே.

மேனேஜர் வேலிப் பக்கம் பார்த்து வலது கையைத் தூக்கினார்: வலக்கைக்காரன் வில்கின்.

"போச்சு," என்றான் எலீஹியோ.

கடை மூலையில் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தம்பியைப் பற்றிய பேச்சு அடங்கிய பிறகு, பாதி இறக்கிய கதவுக்குள் குனிந்து வந்தவன். இந்தப் பக்கத்து ஆள் இல்லை. இந்தத் தெருப் புழுதியில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு யார் நடப்பார்கள்? வாங்கிய பீரை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நியூர்க்கா அவனைப் பார்க்காமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வில்கின் முதல் ஆளை மூன்றே பந்தில் அவுட்டாக்கினான். இரண்டாமவன் தூக்கி அடித்ததை நடுவில் நின்றவன் பிடித்தான். ஃபாவுஸ்தோ எழுந்து நின்றுவிட்டார். "பாத்தியாடா! பாத்தியா!"

"இன்னும் ஒருத்தன் இருக்கான் பெருசு. உக்காரு, கண்ணு பட்டுரும்."

அதற்குப் பிறகு கை தடுமாறியது. நாலு பந்தையும் வெளியே போட்டு ஒருவனை ஓசியில் முதல் பேஸுக்கு அனுப்பினான். அடுத்தவனையும் அப்படியே. கேமரா முகத்துக்கு அருகில் போனது. உதட்டை நக்கிக்கொண்டு, எதிரே நின்ற ஆட்டக்காரனை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தான். அவன் யாரைத் தேடுகிறான் என்று நியூர்க்காவுக்குப் புரிந்தது.

"வெளிய எடு! பாத்தீஸ்தா எங்க? இப்பவாவது—"

கரண்ட் போனது.

டிவி அணைந்தது. குளிர்பெட்டியின் உறுமல் நின்றது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் ஒரு "ஐயோ" எழுந்து அடங்கியது. இருட்டில் யார் யாரையோ திட்டினார்கள். எலீஹியோ தன் கைப்பேசியைத் தட்டித் தட்டிப் பார்த்தான்; சிக்னல் கிடைக்கவில்லை. மூலையிலும் ஒரு சின்ன வெளிச்சம் எரிந்தது. வெள்ளை ஷூக்காரனுக்கு மட்டும் சிக்னல் கிடைத்திருந்தது; கைப்பேசியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அஞ்சு, நாலு," என்றான் அவன். "வலது பக்கச் சுவர் வரைக்கும் அடிச்சிருக்கான். ரெண்டு பேரும் ஓடி வந்துட்டாங்க. தோத்தாச்சு."

வில்கினின் கைப்பேசியில் கேட்ட அதே நிதானக் குரல். நியூர்க்கா கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் எழுந்தான். "இங்கதான் எங்கயோ ஒரு வீடு இருக்காமே. நீலக் கதவு. அந்தப் பந்துவீச்சாளனோட அம்மா வீடு. யாராவது வழி சொல்றீங்களா?"

இருட்டில் எலீஹியோவின் குரல் கேட்டது. "வழி என்ன, நானே கொண்டுபோய் விடுறேன். எனக்கும் அந்தக் குடும்பத்துகிட்ட நாலு வார்த்தை கேக்கணும். ஒரு மாசமா உசுரை வாங்குறானே! வா, ஏறு."

நியூர்க்கா கத்த வாயைத் திறந்தாள். ஃபாவுஸ்தோ இருட்டில் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வண்டி உதைத்துக் கிளம்பியது. விளக்கு ஆலைப் பக்கம் திரும்பி மறைந்தது.

"அவனுக்கு வீடு தெரியும்," என்றாள் அவள். "தெனம் அம்மாவுக்குத் தண்ணி கேன் கொண்டு போறவன் அவன்தானே. கூட்டிட்டுப் போறான்!"

"ஆலைப் பக்கம் திரும்பினான். உங்கம்மா வீடு இந்தப் பக்கம்," என்றார் ஃபாவுஸ்தோ. "நீ ஓடு. நான் போலீஸ் சாவடிக்குப் போயிட்டு வரேன்."

அவள் சந்துக்குள் ஓடினாள். ஆலையைச் சுற்றியும் அந்த வீட்டுக்கு வழி உண்டு என்பது பாதியில் நினைவுக்கு வந்து, இன்னும் வேகமாக ஓடினாள். ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு செருப்பு எங்கோ கழன்று போனது.

அம்மா எர்சிலியா மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவரைப்பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நியூர்க்கா விஷயத்தை மூச்சிரைக்கச் சொல்லியும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"வரட்டும். என் வீட்டுக் கதவை நான் எதுக்குடி சாத்தணும்?"

"அம்மா, உன் காலைப் பிடிக்கிறேன், சும்மா இரு."

தாழ்ப்பாளைப் போட்டு, மேசையை இழுத்துக் கதவில் முட்டுக் கொடுத்து, மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். பருப்பு அடிபிடிக்கும் வாடை வந்தது. எழுந்துபோய் அடுப்பை அணைக்கக்கூட அவளுக்குத் துணிவில்லை.

ஒரு வண்டி வந்தது. வேகம் குறைந்தது. வாசலில் நின்றது. கதவை யாரோ தட்டினார்கள்.

அம்மா அவள் கையைப் பற்றினாள். கிழவியின் உள்ளங்கை சில்லிட்டிருந்ததை அப்போதுதான் நியூர்க்கா கவனித்தாள்.

"அக்கா, நான்தான். தனியாத்தான் இருக்கேன். கதவைத் தொற."

எலீஹியோ உள்ளே வந்து தொப்பென்று உட்கார்ந்தான்.

"எங்கடா அவன்?"

"அவன் வழி கேட்ட விதமே சரியில்ல. ஆலைக்குப் பின்னால அந்த ஜெபக்கூடம் இல்ல? அதுக்கும் நீலக் கதவுதானே. இதுதான் வீடுன்னு சொல்லி எறக்கினேன். ஜெனரேட்டர் போட்டு உள்ள எரநூறு பேர் கைதட்டிப் பாடிட்டிருக்காங்க. அவன் எட்டிப் பாத்ததும் போதகர் ஓடிவந்து கையைப் பிடிச்சு முன்வரிசைக்கு இழுத்துட்டுப் போயிட்டாரு. நான் திரும்பிப் பாக்கல." அவனுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே அது அழுகை மாதிரி ஆனது. "இடுப்புல துப்பாக்கி வச்சிருக்கான்க்கா. வழியெல்லாம் என் முதுகுல அது இடிச்சுட்டே வந்துச்சு."

"திரும்பி வருவானே," என்றாள் நியூர்க்கா.

"வருவான்."

ஃபாவுஸ்தோ வந்தார். சாவடியில் இருந்த ஒரே காவலர், கரண்ட் வரட்டும், எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம். அதனால் ஃபாவுஸ்தோ ரெண்டு கடையிலும் இருந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், பாதித் தலை வெட்டியவன் உட்பட. பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலையில் சுமந்து வந்து மாதுளை மரத்தடியில் வட்டமாகப் போட்டார்கள்.

வில்கின் வாடகைக் காரில் வந்து இறங்கியபோது கரண்ட் வந்திருந்தது. வாசலில் இத்தனை ஆண்களைக் கண்டதும் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். தன்னை அடிக்க வந்தவர்கள் என்று நினைத்தான் போலிருக்கிறது. நியூர்க்கா ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். பிறகு அந்தக் குரலைப் பற்றி எல்லோரிடமும் அவளே சொன்னாள்.

எலீஹியோ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன். எனக்கு ஒரு மைல் போறதுக்குள்ளயே கால்சட்டை நனைஞ்சுபோச்சு. வில்கின் ஒரு வாரமா இதைச் சுமந்துட்டுப் பந்து போட்டிருக்கான்."

மறுநாள் காலையில் வில்கின் ஃபாவுஸ்தோவையும் அழைத்துக்கொண்டு அணி அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றும், அம்மா கொஞ்ச நாள் சித்தி வீட்டில் இருக்கட்டும் என்றும் முடிவானது. அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வில்கின் தட்டில் கை வைத்தபடி சாப்பிடாமலே சுவரோரம் சாய்ந்து தூங்கிப்போனான்.

வெளியே மெல்ல மெல்லப் பேச்சு கிளம்பியது.

"இருந்தாலும், ரெண்டு பேரை ஓசியில அனுப்பினப்பவே மேனேஜர் எடுத்திருக்கணும்."

"எடுத்து? பாத்தீஸ்தாவையா? அவன் போன மாசம் வாங்கின அடியை மறந்துட்டியா?"

"பெருசு, அது மழையில ஈரப் பந்து!"

நியூர்க்கா ஜன்னலோரம் நின்றாள். தூரத்தில் எங்கோ ஒரு வண்டி உறுமியது. மரத்தடியில் எல்லோரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். வண்டி வேறு பக்கம் போனது. ஆனால் பேச்சு உடனே திரும்பவில்லை. அந்த மௌனம் அவளுக்குத் தாங்கவில்லை. காப்பிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"ஃபாவுஸ்தோ அண்ணே, ஈரப் பந்துன்னு எலீஹியோ சொல்றான். நீங்க என்ன சொல்றீங்க?"

"அவன் கிடக்கான் மடையன்," என்று ஆரம்பித்தார் ஃபாவுஸ்தோ.