மேலே இன்னொரு மைக்

அந்த வாக்கியத்தை நான் சொன்னபோது என் மனைவி சிரித்தாள் என்றுதான் எனக்கு நினைவு. அவள் இல்லை என்கிறாள். துணி மடித்துக்கொண்டிருந்ததாகவும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை என்றும் சொல்கிறாள். அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். பழியில் பாதியை அடுத்தவர் தலையில் வைப்பது என் நினைவுக்கு வழக்கம். ஆனால் வாக்கியம் என்னுடையது. அதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லை.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். வாங்க வருகிறவர் எடுக்கும் ஃப்ரேமின் அளவுக்கு லென்ஸின் விளிம்பை எந்திரத்தில் தேய்த்துப் பொருத்த வேண்டும். தண்ணீரும் வெள்ளைத் தூளும் தெறித்துக்கொண்டே இருக்கும். பேசவே தேவையில்லாத வேலை. சாயங்காலம் வீடு திரும்பினால் பின்னறையில் புத்தகங்களோடு உட்கார்ந்துவிடுவேன். சாப்பிடக் கூப்பிடும்வரை அந்த அறையில் சத்தம் இருக்காது. அதைவிடப் பெரிய சுகத்தை நான் கண்டதில்லை.

அக்கா எனக்கு நேர் எதிர். பள்ளியில் ஆசிரியர் கேள்வி கேட்டு நான் விழித்துக்கொண்டு நின்றால், மேல்வகுப்பிலிருந்து அவளைக் கூட்டிவருவார்கள். "அவனுக்குத் தெரியும் சார், சொல்லத்தான் வராது" என்று சொல்லிவிட்டு, பதிலையும் சொல்லிவிட்டுப் போவாள். என் மனைவியை எனக்குப் பிடித்திருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னதும் அவள்தான். "இந்த ஊமைக்கோட்டான் சொல்ல மாட்டான். காது செவந்திருக்கு பாரு, அதான் பதில்" என்றாளாம்.

அவள் கணவர், எங்கள் மாமா, இறந்த பிறகு தினமும் ஒருமுறை என்னை ஃபோனில் கூப்பிடுவாள். தண்ணீர்க் குழாய் ஒழுகுவதில் தொடங்கி எங்கெங்கோ போய்வருவாள். என் பங்கு 'ம்' மட்டும்தான். அதனால்தான் என் ஃபோனின் மைக் எப்போது நின்றது என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்தவர் கடை முதலாளி. ஒரு திங்கட்கிழமை முன்பக்கத்திலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நேரே எந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன்யா, ஃபோன எடுத்துட்டு மூச்சுகூட விடாம இருக்க?"

"பேசினேனே முதலாளி."

"நீயா? பேசினியா? அப்ப மைக்தான் போயிருக்கணும். நீ பேசினத முதல் தடவை கேக்கற அதிர்ஷ்டம் எனக்கு இல்ல."

வீட்டில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தோம். அணைத்துப் போட்டோம். உறையைக் கழற்றினோம். அடியில் இருந்த சின்னத் துளையில் நான் குண்டூசியை விட்டுக் கிண்டினேன். மனைவி அடுக்களையில் நின்று தன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் கேக்கல" என்றாள். அவசரமில்லை என்று விட்டுவிட்டேன். உண்மையில், நாலு நாள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பது எனக்கு ஒரு விடுமுறை மாதிரி இருந்தது.

புதன்கிழமை கடைக்கு வார விடுமுறை. பின்னறைப் புத்தகங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா கூப்பிட்டாள். கையெல்லாம் தூசி என்பதால், அலமாரித் தட்டில் இருந்த ஃபோனை விரல் முட்டியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

"வீட்டுக்காரர் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாருடா" என்றாள் அக்கா. "வீட்ட விக்கப் போறாராம். ஒரு ஆளுக்கு எவ்ளோ எடம் வேணும், சொல்லு. ஒரு கட்டில், ஒரு பொட்டி. உங்க பின்னறைல புத்தகந்தானே தூங்குது? ஓரமா நானும் படுத்துக்கறேன். அதுங்களுக்கும் பேச்சுத்துணை ஆச்சு."

இதை அவள் ஒரு மாதமாகச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தாள். நேராகக் கேட்டது அன்றுதான்.

"வரச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"எங்க சொல்றது? மைக் செத்துக் கெடக்கு. கத்தினாலும் அவளுக்குக் கேக்காது."

"அப்ப என் ஃபோன்லேர்ந்து சொல்றேன்."

"வேணாம். வந்தா போக மாட்டா. காலைல தொறந்த வாய் ராத்திரிதான் மூடும். மாமாவே அந்த வாய்க்குப் பயந்துதான் சீக்கிரமா போய்ச் சேந்துட்டாரு."

இதுதான் அந்த வாக்கியம். அதிகம் பேசாதவன் எப்போதாவது ஒன்று சொல்லும்போது, அது நன்றாக அமைந்துவிட்டதா என்று தானே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வான். நானும் பார்த்துக்கொண்டேன். அது பல நாளாக எனக்குள் தயாராகிக் காத்திருந்தது என்றே நினைக்கிறேன்.

ஃபோனில் சத்தமில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிறகு அக்கா சொன்னாள்:

"டேய், உன் சத்தமே வரலையேடா. ஒண்ணுமே கேக்கல. சரி, அடுப்புல பால் இருக்கு, வெக்கறேன்."

"பாத்தியா?" என்றேன் மனைவியிடம், பந்தயத்தில் ஜெயித்தவன் போல.

மறுநாள் அக்கா என் மனைவியின் ஃபோனில் கூப்பிட்டாள். மாமாவின் தங்கை தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாளாம், அங்கேயே போய்விடுகிறாளாம். "நாமல்ல முந்திக்கிட்டுக் கூப்பிட்டிருக்கணும்" என்றாள் மனைவி. நான் 'ம்' என்றேன். அன்று பின்னறையில் எண்பது பக்கம் படித்தேன். நன்றாகப் படித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை முதலாளி விரட்டினார். ஃபோன் பழுது பார்க்கும் கடை, ஒரு மாடிப்படிக்குக் கீழே முக்கோணமாக இருந்தது. நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிய ஒரு பெண். தெருவில் எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா.

"என்ன பண்ணுது?" என்றாள், நோயாளியை விசாரிப்பது போலவே.

"நான் பேசறது கேக்கலயாம்."

என் ஃபோனிலிருந்து தன் ஃபோனுக்குக் கூப்பிட்டாள். ஒன்றுமில்லை. அமைப்புகளுக்குள் போய், மைக்குக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தாள். ஒலிப்பதிவு செய்து பார்த்தாள், காற்றுகூட விழவில்லை. பிறகு வீடியோவைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏதாவது பேசுங்க சார்."

"என்ன பேச?"

திருப்பிப் போட்டாள். திரையில் மருண்ட முகத்தோடு நான், "என்ன பேச?" என்றேன். குரல் கணீரென்று இருந்தது.

"அதானே பாத்தேன். கீழ் மைக் அடைச்சிருக்கு, மேல் மைக் நல்லா இருக்கு."

"மேல ஒண்ணு இருக்கா?"

"இந்த மாடல்ல ரெண்டு சார். காதுல வெச்சுப் பேசினா கீழது. வீடியோவுக்கும் ஸ்பீக்கருக்கும் மேலது." மறுபடி தன் ஃபோனுக்குக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். "அந்தப் படிக்கட்டுகிட்ட போய் நின்னு பேசுங்க."

எழுந்து போனேன். தொண்டையைச் செருமினேன்.

"செருமறதே இடி மாதிரி கேக்குது, வாங்க. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா நீங்க பக்கத்து ரூம்ல தும்மினாக்கூட அந்தப் பக்கம் கேட்டிருக்கும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்ன சார், மாமியாரத் திட்டிட்டீங்களா?"

அவள் குனிந்து, பூதக்கண்ணாடியை இறக்கி, மெல்லிய தூரிகையால் துளையைச் சுரண்டினாள். வெள்ளையாக ஒரு விழுது வந்தது. "சுண்ணாம்பா சார் இது? ஊசி வேற விட்டு உள்ள தள்ளியிருக்கீங்க." லென்ஸ் தூள் என்றேன். தலைகீழாகச் சட்டைப்பையில் வைக்காதீர்கள் என்றாள். இன்னும் ஏதேதோ சொன்னாள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் என் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஊமையாகவே இருந்தேன். அப்போது அக்கா ஒருமுறைகூட 'உன் சத்தம் வரவில்லை' என்று சொல்லவில்லை. என் சத்தத்தை அவள் எதிர்பார்த்ததே இல்லை. அவள் அப்படிச் சொன்னது, என் சத்தம் நன்றாகப் போய்ச் சேர்ந்த அந்த ஒரு நாளில்தான்.

தெருவில், மூடியிருந்த ஒரு கடையின் கதவோரம் நின்று அவளைக் கூப்பிட்டேன். நானாகக் கூப்பிட்டு வருடக்கணக்காகியிருக்கும்.

"என்னடா அதிசயம்! இப்ப நல்லா கேக்குதே. சரியாயிடுச்சா?"

"ஆச்சுக்கா. தூசி அடைச்சிருந்துது."

"உன் வேலை அப்படி. துணி போட்டு மூடி வெச்சுக்கோ."

"அக்கா, புதன்கிழமை நீ கூப்பிட்டப்ப..."

"அன்னிக்கு ஒண்ணுமே கேக்கலடா. நான்தான் சொன்னேனே."

எனக்கு வராத பதிலை மறுபடியும் அவளே சொல்லிவிட்டாள். கேட்டது, உனக்குக் கேட்டது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கையில் நல்ல மைக் இருந்தது. 'ம்' என்றேன். அந்த 'ம்' எனக்குள் ஆறுதலாகவும் இறங்கியது. அந்த வாக்கியத்துக்காகப் படும் வெட்கத்தைவிட இதற்காகப் படுவது அதிகம்.

"நம்ம வீட்டுக்கே வந்துடுக்கா" என்றேன், தாமதமாக.

"அங்க சொல்லிட்டேன்டா, இனி மாத்தினா நல்லா இருக்காது. உனக்கும் படிக்க எடம் வேணும்ல." குரலில் குத்தல் இல்லை. தேடித்தேடிப் பார்த்தேன், இல்லை. "வெக்கறேன். பொட்டி கட்டணும்."

எனக்கு முன்னால் அவள் ஃபோனை வைத்தது அதுதான் முதல் தடவையா, புதன்கிழமை முதல் தடவையா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

இது நடந்து மூன்று வருடமாகிறது. அக்கா மாமாவின் தங்கை வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டுப் பெண்ணோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்கிறாள். தினமும் வந்த அழைப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருகிறது. நாலைந்து நிமிடம் பேசுகிறாள், குழாய் ஒழுகுவது பற்றியெல்லாம் இல்லை. என் மனைவி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். மேல் மைக்கைப் பற்றி மனைவியிடம் போன வருடம்தான் சொன்னேன். அதன் பிறகு சில வாரங்கள் அவளும் என்னோடு அதிகம் பேசவில்லை. டாக்டரம்மா தெருமுனையில் பெரிய கடைக்கு மாறிவிட்டாள். முதலாளிக்குக் கண்புரை அறுவை நடந்தது. அவருடைய புதுக் கண்ணாடிக்கு நான்தான் லென்ஸ் தேய்த்தேன். ஃபோன் வேலை செய்கிறது. பின்னறையில் புத்தகங்கள் இருக்கின்றன.