குளித்துவிட்டு வா

“அங்கேயே நில்லுடீ! ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வந்து உள்ளே நுழையப்பிடாது. கொல்லையில வெந்நீர் வெச்சிருக்கேன். குளிச்சுட்டு வா!”

வாசற்படியில் ஒரு காலை வைத்த மாதுரி அப்படியே நின்றாள். கூடத்தில், தரையில் கிடந்தது அவளுடைய அப்பா ராமபத்ரன். உயிர் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. போன் வந்ததும் கிளம்பிவிட முடிகிற வேலையா அது? மாற்று ஆள் வந்து, குழந்தைகளை ஒப்படைத்து, படகு பிடித்து மட்டாஞ்சேரி வீட்டுக்கு ஓடி வந்தால், வழியை மறித்துக்கொண்டு அப்பாவின் அக்கா திரிபுரசுந்தரி.

“அத்தை, அப்பாவை ஒரு தடவை பாத்துட்டுக் குளிக்கறேன்.”

“அவனுக்குப் பிடிக்காதுன்னு ஒனக்குத் தெரியாதோ?”

தெரியாமல் என்ன! பேங்க் பரீட்சை எழுது என்று அவர் சொன்னதைக் கேட்காமல், எர்ணாகுளத்தில் குறைமாசக் குழந்தைகளின் ஐ.சி.யூ.வில் நர்ஸாகச் சேர்ந்த நாள்முதல் ஒன்பது வருஷமாக இதே கூத்துதான். கொல்லை வழியாக வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீராவது எடுத்துக் கொடுக்கலாம். ஒரு டூட்டிக்குள் நாற்பது தடவை முழங்கை வரை கழுவுகிற கை. முக்கால் கிலோ குழந்தையைத் தொடுகிற இந்தக் கையைவிடச் சுத்தமான கை மட்டாஞ்சேரி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. சொன்னால் கேட்கிற மனிதரா?

நேற்றுக் காலையிலும் அப்படித்தான். இரவு டூட்டி முடிந்து வந்தபோது நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என்னப்பா பண்றது?” என்று கிட்டே போனவளைக் கை காட்டி நிறுத்தினார்.

“குளிச்சுட்டு வா, சொல்றேன்.”

குளித்துவிட்டு வருவதற்குள், “ஒண்ணுமில்லை, கேஸாக்கும்,” என்று பேப்பரை விரித்துவிட்டார். இவளும் அதை நம்பிக்கொண்டு தூங்கப் போய்விட்டாள். ஊரார் குழந்தைகளின் மூச்சையெல்லாம் எண்ணத் தெரிந்தவள்! அவர்மேல் வந்த எரிச்சலையாவது பொறுத்துக்கொள்ளலாம். தன்மேல் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

உள்ளே, அத்தையின் மகன் பிச்சுமணி, குளிப்பாட்டுவதற்காக அப்பாவின் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினான். தலை பின்னால் தொங்கிற்று.

“தலையைப் பிடிங்கோ அண்ணா! தலையை!”

கத்தும்போதே அவள் அத்தையைத் தாண்டிப் போயிருந்தாள். ஒரு கை தானாகவே அப்பாவின் பிடரிக்கடியில் போய்விட்டது.

“ஐயோ, யூனிஃபார்மோட தொட்டுட்டாளே!”

“போறும்மா, விடு. இனி நாம எல்லாருமேதானே குளிக்கணும்,” என்றான் பிச்சுமணி.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தலை கனத்தது. இவ்வளவு கனமான தலையை அவள் ஏந்தியதே இல்லை. கடைவாயில் பல்பொடி காய்ந்து ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் துடைத்தாள். போகவில்லை. விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கிக்கொண்டு மறுபடியும் துடைத்தாள்.