அக்கா வீட்டு ஸ்பூன்

அக்கா தன் குழந்தைக்காக டப்பாவிலிருந்து சத்துமாவை அள்ளிய ஸ்பூனைப் பார்த்ததும் தங்கை எழுந்து பக்கத்தில் வந்தாள். அது வாயில் வைக்கிற ஸ்பூன் இல்லை, பரிமாறுகிற ஸ்பூன். அதிலும் கோபுரமாகக் குவித்து இரண்டு.

தங்கைக்கு உணவுப் பாதுகாப்பு ஆய்வகத்தில் வேலை. அந்த மாவுக்கான தானியம் பக்கத்து நாட்டில் விளைகிறது, இங்கே அரைபடுகிறது, இரண்டு நாட்டுக் குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். தானியத்தில் ஈரலைக் கெடுக்கும் பூஞ்சை நஞ்சு கொஞ்சம் இருப்பது தெரிந்ததும், ஆபத்து எவ்வளவு என்று இரு நாடுகளும் சேர்ந்தே கணக்கிட ஒப்புக்கொண்டன. இரு தரப்பும் கையெழுத்திடும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது நிபந்தனை.

நஞ்சின் அளவை இங்கேயும் அங்கேயும் மாறி மாறிச் சோதித்தார்கள். குழந்தை ஒரு வேளைக்கு எவ்வளவு மாவு சாப்பிடும் என்பதற்கு மட்டும் தங்கை பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, இரண்டு ஸ்பூன் என்று எழுதி அனுப்பிவிட்டாள். டீஸ்பூன்தான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். படித்த படிப்புக்கு ஒரு தாயைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்தக் கணக்கில் பயமில்லை என்று முடிவு வந்தது. இன்று மதியம் கையெழுத்து.

"ஏன்க்கா, இவ்வளவு பெரிய ஸ்பூன்லயா போடுவே?"

"பின்னே? சின்னதுல போட்டா உன் செல்லப்பிள்ளைக்குக் கடைவாய்க்குக்கூடக் காணாது. மூணு வேளையும் இதுதான்."

நிறுத்து என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா காதில் விழுந்தால் தெருவுக்கே தமுக்கு அடித்த மாதிரி. கணக்கு உறுதியாகாமல் விஷயம் வெளியே போனால், பக்கத்து நாடு இனி எதையும் பகிராது. சொல்லை விழுங்கிக்கொண்டு, ஸ்பூனைக் கழுவிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

"அடியே, அதை எங்கேடி தூக்கிட்டுப் போறே?"

ஆய்வகத் தராசில் மாவைக் குவித்து நிறுத்துப் பார்த்தாள். எழுதிக் கொடுத்ததைவிடப் பல மடங்கு. பக்கத்து நாட்டு அதிகாரியைத் திரையில் கூப்பிட்டாள். தாடிக்காரர், இவள் அனுப்பும் எண்களில் ஒரு புள்ளியைக்கூடச் சும்மா விடாத மனுஷர்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. ஸ்பூன் கணக்கு தப்பு. நான்தான் தப்பாக் குடுத்துட்டேன். உங்க பக்கம் தனியா விசாரிச்சிருப்பீங்களே, அது என்ன வந்துச்சு?"

தாடிக்காரர் தாடியைச் சொறிந்தார். "எங்கேம்மா விசாரிச்சோம்? நீங்க பாத்திருப்பீங்கன்னு உங்க கணக்கையே போட்டுட்டோம்."

எழுந்து போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நகத்தைக் கடித்துத் துப்பினாள்.

"இங்க கைக்குழந்தை இருக்கிறவங்களைக் கேட்டேன். எல்லாரும் பெரிய ஸ்பூன்தானாம். உங்க இயக்குநர்கிட்டயும் பேசியாச்சு. ரெண்டு பக்கமும் விற்பனையை நிறுத்துறோம். இனிமே நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்மா."

தங்கை உடனே அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த மாவைக் குடுக்காதே!"

"மதியத்துக்கு இப்பத்தானே ஊட்டி முடிச்சேன். ஸ்பூனைத்தான் நீ தூக்கிட்டுப் போயிட்டியே, குழிக்கரண்டியால அள்ளிப் போட்டேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கலை தெரியுமா?"

குழந்தை ஏப்பம் விடுவது தொலைபேசியில் கேட்டது.