கீழ்வீட்டு பாஸ்வேர்டு

குப்பை வாளியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கதவு காற்றில் சாத்திக்கொண்டது. பூட்டும் விழுந்தது. வாங்கும்போது அதைத்தான் பெரிய வசதி என்று பீற்றிக்கொண்டோம்: சாத்தினால் போதும், தானே பூட்டிக்கொள்ளும். திறக்க போன் வேண்டும், இல்லையென்றால் சாவி. இரண்டும் உள்ளே. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த எண்ணெய்ச் சட்டியும் உள்ளே. இரண்டு வயது நிரம்பாத என் மகளும் உள்ளே.

சமையலறை ஜன்னலுக்கு ஓடினேன். கம்பிக்குள் தோள் வரை கையை விட்டும் அடுப்பு எட்டவில்லை. வாண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பாள்.

"செல்லம், அங்கேயே உக்காரு. அம்மா இப்ப வந்துடுவேன்."

சொன்னதைக் கேட்க அவள் என்ன வேறு யார் வயிற்றிலோவா பிறந்தாள்? மூலையில் கிடந்த முக்காலியை அடுப்புப் பக்கமாக இழுக்க ஆரம்பித்தாள்.

ஆண்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாடியில் இருந்தது என் கணவருடைய அண்ணன் மனைவி மட்டும். பூட்டு வாங்கிய நாளில் மாடிக்கும் கீழுக்கும் ஒரே ரூட்டர். பூட்டைத் திறக்கும் ஆப் அவள் போனிலும் உண்டு. அப்புறம்தான் சண்டை வந்தது. நாங்கள் படம் பார்த்தால் தன் ஆபீஸ் வேலை நின்றுபோகிறது என்றாள் அவள். நான் சும்மா இருந்திருக்கலாம், துணி காயப்போடும் கொடி வரைக்கும் இழுத்தேன். மாடிக்குத் தனி ரூட்டர் வந்தது. எங்கள் இன்டர்நெட்டை அவள் இனி தொடவே கூடாது என்று நான் பாஸ்வேர்டை மாற்றினேன். அன்றோடு பேச்சும் நின்றது.

இப்போது தொண்டை கிழிய "அக்கா" என்று கத்தினேன். செருப்புகூடப் போடாமல் போனோடு இறங்கி வந்தாள். ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். வேறெதுவும் கேட்கவில்லை.

"பூட்டு கிடைக்கலன்னு காட்டுதே."

"அது எங்க ரூட்டர்ல இருக்குக்கா. உங்க போன் உங்க ரூட்டர்ல இருக்கு. ரெண்டும் ஒண்ணுல இருந்தாத்தான் திறக்கும்."

"அப்ப உங்க பாஸ்வேர்டைச் சொல்லு."

ஒன்றுக்கு ஒன்பதாகப் பேசுகிற என் வாய் அப்போது பார்த்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தது.

"எம்" என்றேன். "ஏ. இன்னொரு ஏ. டி. ஐ."

எழுத்து எழுத்தாகச் சொன்னால் புரியாது என்று ஒரு நப்பாசை. அவசரத்தில் நானே எங்கோ ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன்.

"தப்புன்னு வருது."

மறுபடி சொன்னேன். மறுபடி தப்பு. உள்ளே முக்காலி தரையில் கிறீச்சிடுவது நின்றது. ஜன்னல் வழியே புகை வர ஆரம்பித்தது. வாண்டு முக்காலியில் ஒரு முழங்காலை ஏற்றியிருந்தாள்.

"எழுத்தெல்லாம் வேணாம். என்ன வார்த்தை? அதைச் சொல்லு" என்று அக்கா அதட்டினாள்.

"மாடிப்பிசாசு" என்றேன். "இங்கிலீஷ்ல. நெடில் வர்ற இடத்துல ரெண்டு ஏ."

ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அதைப் போனில் டைப் அடித்தாள். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பூட்டு திறந்த சத்தம் கேட்டதும் எனக்கு முன்னால் அவள்தான் உள்ளே ஓடினாள். சட்டியின் பிடியை நோக்கி நீண்டிருந்த சின்னக் கையைப் பிடித்து, குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் அடுப்பை அணைத்தாள். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் என் பிள்ளை அல்லவா போயிருப்பாள்.

"மன்னிச்சுடுங்கக்கா. இப்பவே அதை மாத்திடறேன்."

குழந்தையை என் மடியில் இறக்கிவிட்டு, கலைந்த முடியை முடிந்துகொண்டாள்.

"மாத்தாத" என்றாள். "மறுபடி பூட்டிக்கிட்டா நான்தானே திறக்கணும். இதுன்னா எனக்கு மறக்காது."