நூறு சதவீதத் தெரு

வலது உள்ளங்கையில் ஏழு தையல். மக்கும் குப்பை வாளியில், முட்டை ஓட்டுக்கு அடியில் கிடந்த உடைந்த கண்ணாடி டம்ளர் கிழித்தது. யார் வீட்டு டம்ளர் என்று குப்பை வண்டிக்காரம்மா கேட்கக்கூட இல்லை. பதினோரு வருஷமாக எல்லாம் கலந்துதான் வருகிறது. தெருமுனையில் தள்ளுவண்டியை நிறுத்தி, டயப்பர் வேறு தோல் வேறாகக் கையாலேயே பிரித்துக்கொண்டு போவாள். பிரிக்காமல் போனால் உரக்கூடத்து வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அன்றைக்கு வேலைக்கு வந்தும் வராத கணக்குதான், கூலி கிடையாது.

"பத்து நாள் கையை நனைக்கக் கூடாது" என்றார் டாக்டர். சொல்ல அவருக்கென்ன.

வீடு வீடாக ஏறிக் கைக்கட்டைக் காட்டினாள். "தையல் பிரிக்கிற வரைக்குமாவது நீங்களே பிரிச்சுப் போடுங்கம்மா."

தெருவே உருகி வழிந்தது. "ஐயோ பாவமே!" என்று மாடிவீட்டம்மா இரண்டு ரப்பர் கையுறைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். இரண்டும் இடது கை.

மறுநாள் மாடிவீட்டு வாளியின் மேலாகக் காய்கறித்தோலை அழகாகப் பரப்பியிருந்தார்கள். கீழே டயப்பர், பல்பு, ஊசிப்போன சோறு. முப்பத்திரண்டு வீட்டில் பிரித்திருந்தது மூன்றே மூன்று. அந்த மூன்றை மட்டும் வண்டியில் கொட்டினாள். மற்ற வாளிகளை மூடி அவரவர் வாசலிலேயே வைத்தாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

பத்து மணிக்கெல்லாம் துப்புரவு மேஸ்திரி மூச்சிரைக்க வந்தார். கக்கத்தில் பெயின்ட் காயாத பலகை: 'நூறு சதவீதம் தரம் பிரிக்கும் தெரு.'

"என் மானத்தை வாங்குறதுக்குன்னே வந்தியாம்மா? பலகை மாட்டுற அன்னைக்கா? தெரு நாறுதுன்னு போன் மேல போன்!"

"யாரு சார் நூறு போட்டது?"

"உன் வண்டியை உரக்கூடத்துல ஒரு நாளும் திருப்பி அனுப்பினதில்லையே!"

"நான்தானே சார் பிரிச்சேன்."

"அது தெரியாதா எனக்கு? இன்னைக்கு ஒரு நாள் பிரிச்சிடு தாயே."

மாடியிலிருந்து குரல் வந்தது. "அதான் கையுறை குடுத்தேனே?"

வண்டிக்காரம்மா இரண்டையும் இடுப்பிலிருந்து உருவி, ஒன்றை மேஸ்திரியிடம் நீட்டினாள். "ரெண்டும் இடது கை சார். உங்களுக்கொண்ணு, எனக்கொண்ணு. உக்காருங்க, பிரிப்போம்."

மேஸ்திரிக்கு அந்த நேரம் பார்த்து ஏதோ போன் வந்தது. பேசிக்கொண்டே தெருமுனை தாண்டிப் போய்விட்டார்.

அவள் ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு உரக்கூடம் போய்ச் சேர்ந்தாள். வாசலில் இருந்தவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருகை போட்டார்.

"என்னக்கா, வண்டி இவ்வளவு லேசா இருக்கு?"

"தெரு அவ்வளவுதான்ப்பா."